செட்டிநாட்டுல காவிரித் தண்ணி: உங்க அனுபவத்த சொல்லுங்க

திருமயம் தாண்டி

நான் பெங்களூருல வேலை பாக்குறேன், ஊரு செட்டிநாட்டுல ஒரு சின்ன ஊரு. 2016 செப்டம்பர்ல காவிரி கலவரம் நடந்துச்சுல்ல, தமிழ்நாட்டு பஸ்ஸ எல்லாம் கொளுத்தி 144 போட்டாங்களே, அப்ப ரூம விட்டு வெளிய தலைகாட்டல நாங்க. ஹவுஸ் ஓனர் கன்னடக்காரரு, தங்கமான மனுசன், ராத்திரி சப்பாத்தி கொண்டாந்து குடுத்துட்டு மெதுவா கேட்டாரு, நீ தஞ்சாவூர் பக்கமான்னு. இல்ல அங்கிள், சிவகங்கை ஜில்லான்னேன். அப்ப ஒனக்கும் காவிரிக்கும் என்னப்பா சம்பந்தம்னாரு.

எங்க ஊருல காவிரி பாஞ்சு ஒரு குழி நெல்லு வெளஞ்சதில்ல, ஆனா எங்காத்தா கொடத்துல புடிக்கிறது காவிரித் தண்ணி, திருச்சி பக்கம் ஆத்துப் படுகையில எடுத்து பம்ப் பண்ணி புதுக்கோட்டை வழியா எங்களுக்கும் அங்கிட்டு ராமநாதபுரம் வரைக்கும் குழாயிலயே வருதுன்னு சொன்னா மனுசன் நம்பவே இல்ல. ஒங்க மொட்டைமாடி டேங்க்ல கெடக்குறது மட்டும் என்னவாம், தொரேகாடனஹள்ளில இருந்து நூறு கிலோமீட்டர் ஏத்திக் கொண்டார்ற அதே காவிரிதானே அங்கிள்னு கேட்டேன், சிரிச்சுட்டாரு. 2018 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, கர்நாடகா வருசத்துக்கு நமக்குத் தர வேண்டிய 192 டிஎம்சிய (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி தண்ணி) 177.25-ஆ கொறச்சாங்க. கொறச்ச 14.75-ல 4.75 பெங்களூரு குடிதண்ணிக்குன்னே ஒதுக்குனாங்க. அன்னைக்கும் வந்தாரு, "ஒன் பங்குதான் இப்ப என் டேங்க்ல"ன்னு கலாய்ச்சுட்டுப் போனாரு.

என் ஆதங்கம் என்னன்னா, காவிரின்னு டிவில விவாதம் வந்தா டெல்டா, குறுவை, மேட்டூர் இதோட முடிச்சுக்கிறாங்க. அந்த ஆத்துத் தண்ணிய குடிச்சே பொழைக்கிற வறண்ட ஜில்லாக்காரங்கள யாரும் கூப்புட்டு ஒக்கார வைக்கிறதில்ல. ஒங்க அனுபவத்த எழுதுங்க.

தேவகோட்டை அக்கா

தம்பி, நான் கல்யாணமாகி வந்தப்ப குழாயே கெடையாது, ஊருணிதான். குடிதண்ணி ஊருணில காலு நனைக்கக் கூடாது, துணி தொவைக்கக் கூடாது, மாடு எறக்கக் கூடாது, காவலுக்கு ஆளே போட்டிருந்தாக. படியில குனிஞ்சு கொடத்த சாச்சு மோந்துட்டு வரணும். வந்தொடனே குடிச்சிர முடியாது, செவப்பா கலங்கலாத்தான் இருக்கும். மண்பானையோட உள்பக்கம் தேத்தாங்கொட்டைய நல்லா ஒரசிட்டு அதுல தண்ணிய ஊத்தி மூடி வச்சா, காலையில மண்ணு பூரா அடியில நின்னுரும், மேல தெளிஞ்ச தண்ணி. எங்க மாமியா அந்தக் கொட்டைய சுருக்குப்பையில வெத்தலையோட வச்சிருப்பாக, யாருக்கும் தரமாட்டாக 😄

செட்டியார் வீடுகள்ல வேற கதை. மழை பெஞ்சா ஓட்டுத்தண்ணி வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, விழும்ல, முத மழைய விட்டுட்டு அடுத்த மழையில பித்தளை அண்டாவுக்கு வேட்டி கட்டி புடிச்சு வச்சுக்குவாக.

இப்ப காவிரி வருது, இல்லைன்னு சொல்லல, ருசியாத்தான் இருக்கு, பருப்பு நல்லா வேகுது. ஆனா எப்ப வரும்னு தெரியாது. வந்தா வரிசை, வரலைன்னா கேன் தண்ணி. குழாய் வந்த தெம்புல ஊருணிய எல்லாரும் கைவிட்டுட்டாக, ஊருணிக்கு மழைத்தண்ணி கொண்டார்ற வரத்துக்கால் எங்க இருந்துச்சுன்னே இப்ப புள்ளைகளுக்குத் தெரியல, அதுமேல பிளாட்டு போட்டாச்சு. எனக்கு கோவம் காவிரி மேல இல்ல தம்பி, இதுமேலதான்.

வெல்டிங் பாய்

அக்கா, எப்ப வரும்னு ஏன் தெரியலன்னு நான் சொல்றேன். கொஞ்ச நாள் ஒரு காண்ட்ராக்டர்கிட்ட லைன் மெயின்டனன்ஸ்ல இருந்தேன். மெயின் லைன்ல ஒரு எடத்துல ஒடஞ்சாலும் ரெண்டு பக்கமும் வால்வ அடைச்சு, உள்ள நிக்கிற தண்ணி பூரா வடியிற வரைக்கும் ஒக்காந்திருக்கணும், குழிய எறைக்க எறைக்க ஊறிக்கிட்டே இருக்கும், ஈரத்துல வெல்டு புடிக்காது. அத முடிச்சு திரும்ப பம்ப் போட்டாலும் ஒடனே வராது, குழாய்ல காத்து வெளியேறி லைன் நெரம்பணும், கடைசி ஊருக்கு அதுக்கப்புறம்தான். அந்தப் பக்கம் கரண்ட் போனாலும் இங்க குழாய் நிக்கும்.

ரோட்டோரம் ஏர் வால்வுல தண்ணி பீச்சுறத எல்லாரும் பாத்திருப்பீக. பாதி எடத்துல தானா ஒழுகல, யாரோ கழட்டி விட்டது. ஒரு தடவ இறுக்கப் போனப்ப ஆடு மேய்க்கிற பாட்டி ஒண்ணு ஸ்பேனர புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. "ஒங்க குழாயி எங்க ஊரு வழியா போகுது, எங்களுக்கு ஒரு சொட்டு தரல, இந்த ஒழுக்கையும் அடைப்பியா?"ன்னு கேட்டுச்சு. என்னத்த சொல்ல, கொஞ்சம் லூசா விட்டுட்டு வந்துட்டேன்.

காரைக்குடி டவுன்

எங்க டவுனுக்கு நிலத்தடித் தண்ணி குடுக்குற சம்பை ஊத்து இருக்கப்பா, காவிரி தேவையில்ல 😎

திருமயம் தாண்டி

அண்ணே சீன் போடாதீங்க. சம்பை ஊத்தும் மழைய நம்பித்தான் இருக்கு, டவுன் பெருசாயிக்கிட்டே போகுது, ஒவ்வொரு வீட்டுலயும் போர் போட்டு உறிஞ்சா ஊத்து எம்புட்டு நாளு தாங்கும்?

கண்மாய்க்கரை

நமக்கு வெவசாயம். தேனாறு, பாம்பாறு, மணிமுத்தாறுன்னு பேருதான் ஆறு, ஐப்பசி கார்த்திகை மழை பெஞ்சா நாலு நாளு ஓடும், அப்புறம் மணலு. 2018 ஆகஸ்ட்ல மேட்டூர்ல இருந்து ரெண்டு லட்சம் கன அடி வாக்குல தொறந்தாக, திருச்சி பக்கம் முக்கொம்பு அணையில ஒம்பது ஷட்டர அடிச்சுட்டுப் போச்சு, கொள்ளிடம் வழியா அம்புட்டும் கடலுக்கு. அதே நேரம் எங்க கண்மாய்க்குள்ள ஆடு மேஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. செல்லுல அந்த வீடியோவ பாத்தப்ப வயிறு எரிஞ்சுச்சு.

காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரில விராலிமலை பக்கம் அடிக்கல் நாட்டுனாக, 14,400 கோடின்னாக. மாயனூர் கதவணையில இருந்து வெள்ளத்தண்ணிய மட்டும் திருப்பி புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் வரைக்கும். வரட்டும், சந்தோசம்தான். ஆனா கர்நாடகாக்காரனும் வேணாங்குறான், அது மிச்சத்தண்ணிதானய்யான்னா மிச்சத்துலயும் பங்கு கேக்குறான். நம்ம டெல்டாக்காரங்கள்லயும் சிலபேரு மொகத்த சுளிக்கிறாக.

தேவகோட்டை அக்கா சொன்னதுல ஒண்ணு சேத்துக்கங்க. நாளைக்கே வாய்க்கால் எங்க ஊரு வரைக்கும் வந்தாலும் தண்ணிய எங்கிட்டு வாங்குறது? கண்மாய் பூரா சீமைக்கருவேலம், மடை அடைஞ்சு கெடக்கு, மிச்சத்தண்ணி வெளியேறுற கலுங்குல கல்லப் பேத்துட்டுப் போயிட்டாக. போன கோடையில வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆளுன்னு கூப்புட்டோம், வந்தது நாலஞ்சு கெழடுக. வெளியூர்ல இருக்க தம்பிகளா, ஜேசிபி வாடகைக்காவது அனுப்புறீகளா?

திருமயம் தாண்டி

எந்த ஊரு கண்மாய்னு இன்பாக்ஸ்ல சொல்லுங்கண்ணே. எங்க ரூம்ல இருக்க நம்ம பக்கத்துப் பயலுககிட்ட கேக்குறேன்.