ஐப்பசி மழையில் வைகை அணையும் கொடைக்கானலும்: தூண்டிலுக்கு ஏற்ற பருவம்தானா?

கண்மாய்க்கரை (காரைக்குடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு நானும் என் மைத்துனரும் தூண்டிலை எடுத்துக்கொண்டு வைகை அணைக்கும், அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கும் போய்வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். எங்கள் பழக்கமெல்லாம் இதுவரை கண்மாயோடு சரி. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் சொல்லிவிட்டு, கலுங்கடியிலோ மடைக்குப் பக்கத்திலோ மூங்கில் கழியும் மயிலிறகுத் தக்கையும் மண்புழுவுமாக உட்கார்ந்து, கெளுத்தி, கெண்டை, ஜிலேபி என்று கிடைப்பதைப் பிடிப்போம். அணைநீரும் மலைநீரும் எங்களுக்குப் புதியவை.

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் ஒரே குரலில், மலை ஏரிகளில் தூண்டில் போட இலையுதிர் காலமே சிறந்தது என்றும், நீர் குளிரக் குளிர மீன் ஆழத்தை விட்டுக் கரையோரம் வந்து நன்றாக இரை எடுக்கும் என்றும் எழுதுகின்றன. அவர்கள் சொல்லும் அக்டோபரும் நவம்பரும்தான் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும். ஆனால் அப்போது இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறதே, அந்தக் கட்டுரைகளை நம்பிப் போகலாமா? அணையில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், மலையோடையில் இறங்கலாமா, கொடைக்கானலில் டிரவுட் மீன் கிடைக்குமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேவகோட்டைத் தூண்டில் எழுதியது:

அந்தக் கட்டுரைகளை அப்படியே நம்பிப் போக வேண்டாம். அவர்கள் ஊரில் இலையுதிர் காலம் என்பது நீர் குறைந்து தெளியும் காலம். நம் ஊரில் அதே மாதங்கள் நீர் பெருகிக் கலங்கும் காலம். அவர்கள் தெர்மாமீட்டரைப் பார்த்து எடுக்கும் முடிவை நாம் வரத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் அணையைச் சொல்கிறேன். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். வருசநாட்டு மலையிலிருந்து இறங்கும் வைகை ஆற்றோடு, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீரும், போடிப் பக்கத்துக் கொட்டகுடி ஆற்று நீரும் சேர்ந்தே அணைக்கு வருகின்றன. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுப்பார்கள். நம் சிவகங்கை மாவட்டத்துக்கும் சேர்த்தே அது விடப்படுவதால் செய்திகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். மட்டம் 66 அடியை நெருங்கி, வரத்தும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். மீன் கிடைக்காது என்பதை விட, கரையோரம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது என்பதுதான் காரணம்.

மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு போனால் அணையின் மேற்புறத்தில், ஆறு நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் பகுதியில், ஒரு காட்சியைக் காணலாம். ஆற்றின் செந்நீர் குளிர்ந்தும் வண்டல் கலந்து கனத்தும் வருவதால், தேங்கி நிற்கும் பச்சைத் தண்ணீரின் மேல் பரவாமல் அதன் அடியில் புகுந்துவிடும். புகும் இடத்தில் சருகும் குச்சியும் வைக்கோலும் நுரையுமாக ஒரு கோடு நீரின் மேல் வளைந்து கிடக்கும். அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் தேநீர் நிறம், மறுபக்கம் பாசிப் பச்சை. வெள்ளம் அடித்துவரும் புழுவும் பூச்சியும் அங்கேதான் தங்குகின்றன என்பதால் கட்லாவும் ரோகுவும் தெளிந்த பக்கத்திலும், கெளுத்தி கலங்கிய பக்கத்தின் அடியிலும் மேயும். கோட்டின் தெளிந்த பக்கத்தில் தக்கையைப் போட்டுப் பாருங்கள். அதற்காகச் சேற்றில் இறங்கிக் கோட்டை நெருங்கப் பார்க்காதீர்கள். அந்தப் பகுதியின் வண்டல் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தொடை வரை உள்ளே இழுக்கும்.

நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. திடமான கரையில் உட்கார்ந்து முழங்கை வரை கையை நீரில் இறக்குங்கள். விரல் நுனி தெரிந்தால் மாவு உருண்டையோ செயற்கை இரையோ எதுவும் வேலை செய்யும். மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்றால் கண்ணால் இரை தேடும் மீனை மறந்துவிட்டு, வாசனையால் தேடும் கெளுத்திக்கு மண்புழுவோ கோழிக்குடலோ கோத்து அடியில் கிடத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீர் ஏறும்போது மீன் ஆழத்தில் தங்காது. புதிதாக மூழ்கிய புல்லிலும் கருவேலம் புதரடியிலும் புழு பூச்சி நிறையக் கிடைப்பதால் அங்கே வந்துவிடும். முதல் தண்ணீர் வரத்துக்காலில் வரும்போது கெண்டையும் குரவையும் எதிரேறி வருவதை நம் கண்மாயில் பார்த்தவருக்கு இது புதிதல்ல. ஆனால் மதகைத் திறந்து மட்டம் இறங்கத் தொடங்கிவிட்டால் அதே மீன் புல்லை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். எனவே போகுமுன் நீர்மட்டம் மட்டுமன்றி, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையோடையில் இந்தப் பருவத்தில் இறங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கும்பக்கரை அருவிக்கு ஆட்களை விடாமல் வனத்துறை அடிக்கடி தடை போடுவது ஏன் என்று யோசித்தால் போதும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே கொடைக்கானல் சரிவில் பெய்த மழை சொல்லாமல் வந்து சேரும். தெளிந்த ஓடை திடீரென்று நிறம் மாறினாலோ, பச்சை இலைகள் கொத்தாக மிதந்து வந்தாலோ தூண்டிலை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

கண்டனூர்க்காரன் (தற்போது கொலராடோ) எழுதியது:

நான் அந்தக் கட்டுரைகள் எழுதப்படும் நாட்டில் இருப்பதால், அவை எதை வைத்து அப்படிச் சொல்கின்றன என்று விளக்குகிறேன்.

கோடையில் இங்குள்ள ஆழமான ஏரிகளின் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே சூடான லேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர், நடுவே இரண்டையும் கலக்கவிடாத ஒரு மெல்லிய அடுக்கு. இலையுதிர் காலத்தில் இரவுக் குளிர் மேல்நீரைக் குளிரச் செய்யச் செய்ய அது கனத்து இறங்குகிறது. மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும் ஒரு பலத்த காற்று போதும், ஏரி முழுவதும் கலங்கிப் புரளும். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில் மிகக் கனமாக இருப்பதால், அதற்கும் கீழே குளிர்ந்த நீர் மேலேயே நின்று பிறகு பனிக்கட்டியாகிறது. புரளும் அந்தச் சில நாட்களில் ஆக்சிஜன் இல்லாத அடிநீரும் மட்கிய பொருளும் மேலே வருவதால் மீன் சரியாக இரை எடுக்காது. புரண்டு தெளிந்த பின் ஆழம் முழுவதும் ஆக்சிஜன் இருக்கும். மீனும் எங்கும் இருக்கும். கட்டுரைகள் புகழ்வது இந்தக் காலத்தை.

இங்கே அணைகளில் கோடைப் பாசனத்துக்கு நீர் எடுத்துவிடுவதால் அக்டோபரில் மட்டம் தாழ்ந்து கிடக்கும். ஓடைகளும் மெலிந்து கண்ணாடியாக ஓடும். உங்கள் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும் என்பதால் மெல்லிய தூண்டில் நரம்பும் சிறிய இரையும் வேண்டும் என்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேலுள்ள ஏரிகளில் செப்டம்பர் கடைசியிலேயே ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிடும்; பிறகு உறைபனிதான். பிரவுன் டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் இலையுதிர் காலத்தில் முட்டையிடுபவை என்பதால், ஓடையின் சரளைக் கல்லில் வெளுத்துத் தெரியும் முட்டைக் குழிகளை மிதிக்காமல் நடப்பது இங்கே நல்ல தூண்டில்காரருக்கு அடையாளம்.

வைகை அணையில் நீர் ஒருநாளும் 4 டிகிரியைத் தொடப்போவதில்லை. கொடைக்கானல் ஏரி அவ்வளவாக ஆழமில்லாதது என்பதால் காற்றும் மழையும் அதை அவ்வப்போது கலக்கிவிடும். இலையுதிர் காலத்துக்கென்று ஏரி முழுவதும் புரள்வது அங்கே கிடையாது. ஆகவே தேவகோட்டை அன்பர் சொன்னதே சரி. இங்கிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றே ஒன்று: எந்தத் தண்ணீரும் கலங்கியபடி இருக்கும்போது பொறுத்திருந்து, தெளியத் தொடங்கும் நாட்களில் போவது.

திருப்பத்தூர் வாசகர் (மீன்வளப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்) எழுதியது:

டிரவுட் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் டிரவுட் என்றால் நீலகிரிதான். ஆங்கிலேயர் காலத்தில், 1907இல், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து ரெயின்போ டிரவுட்டை வளர்த்துப் பரப்பினார்கள். அது 10 முதல் 16 டிகிரி வரையுள்ள நீரில் செழிக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். நீலகிரியின் மேற்குப் பக்க ஏரிகள் தென்மேற்குப் பருவமழையிலேயே நிரம்பிவிடுகின்றன என்பதையும் கவனியுங்கள். கொடைக்கானலுக்கோ நீங்கள் போக நினைக்கும் ஐப்பசியில்தான் மழை பலமாக இருக்கும். அந்த ஏரியில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது சாதாக் கெண்டை. 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டு மலை ஏரிகளில் பரவிய இனம் அது. குளிர்நீரில் அது மெதுவாக இரை எடுக்கும் என்பதால், தக்கை ஒரே மூச்சில் அமிழும் என்று காத்திருக்காதீர்கள். லேசாகச் சாய்ந்து, ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் நகர்ந்தாலே இழுக்க வேண்டும். ஜிலேபிப் பழக்கத்தில் அங்கே உட்கார்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 16 டிகிரி அளவுக்கு நீர் குளிர்ந்தால் ஜிலேபி இரையைத் திரும்பியும் பார்க்காது.

குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் மிகுதி என்று பொதுவாகச் சொல்வார்கள். கடல்மட்டத்தில் 30 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராமும், 15 டிகிரி நீர் 10 மில்லிகிராமும் கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அந்தப் பத்து எட்டாகிவிடுகிறது. நம் கண்மாயில் வேறு சிக்கல். தொடர்ந்து வானம் மூடாக்காக இருந்தால் பாசி ஒளிச்சேர்க்கை செய்யாமல் இரவெல்லாம் ஆக்சிஜனை உண்டுவிட, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பசி என்று நினைத்துத் தூண்டில் போடுபவர்கள் உண்டு. அது மூச்சுத்திணறல், அந்த மீன் இரை எடுக்காது.

அனுமதியில் கவனமாக இருங்கள். வைகை அணையிலும் கொடைக்கானல் ஏரியிலும் மீன்வளத் துறையின் முன் அனுமதி பெற்றே தூண்டில் போட வேண்டும். அணைக்கட்டின் அருகே போகவே கூடாது. பேரிஜம் ஏரியைச் சுற்றிய காடு 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கும். அங்கே வனத்துறை அனுமதியோடு சுற்றிப் பார்க்கலாம். தூண்டிலை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

கண்மாயிலிருந்து உயிர் மீனை வாளியில் எடுத்துப் போய் மலைநீரில் இரையாகப் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தப்பிப் போகும் நாலு ஜிலேபிக் குஞ்சு, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்று போதும், ஓடையில் காலங்காலமாக இருக்கும் சிறுமீன் இனங்கள் அழியத் தொடங்க.

பள்ளத்தூர் நிலா எழுதியது:

எல்லாம் சரி, பௌர்ணமியை ஏன் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை? எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நிறைநிலவுக்கு மறுநாள் பகலில் தூண்டிலைத் தொட மாட்டார்கள். இரவெல்லாம் நிலா வெளிச்சத்தில் மேய்ந்த மீனுக்குப் பகலில் பசி இராது என்பது அவர்கள் கணக்கு.

தேவகோட்டைத் தூண்டில் எழுதியது:

தெளிந்த தண்ணீரில் அந்தக் கணக்குக்கு ஓரளவு இடம் இருக்கலாம். ஐப்பசியில் மேகத்துக்கு மேலே இருக்கும் நிலவும், செந்நீருக்குக் கீழே இருக்கும் மீனும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வழியில்லையே.

கண்மாய்க்கரை (காரைக்குடி) எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கொடைக்கானலைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, மழை ஓய்ந்த இடைவெளி பார்த்து வைகை அணைக்கு மட்டும் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். அனுமதிக்கு மைத்துனர் நேரில் போய்க் கேட்டு வருவார். கடைசியாக ஒன்று: கண்மாய்க்கு வைத்திருக்கும் தூண்டில் சாமான் அங்கே போதுமா?

தேவகோட்டைத் தூண்டில் எழுதியது:

கழி போதாது; சேற்றைத் தாண்டி வீச வேண்டியிருக்கும் என்பதால் சுருளோடு கூடிய ராடு ஒன்றாவது வேண்டும். 0.30 மில்லிமீட்டர் நரம்பும் 6 அல்லது 8ஆம் எண் முள்ளும் ரோகுவுக்கும் ஜிலேபிக்கும் சரியாக இருக்கும். கெளுத்திக்கு அதைவிடப் பெரிய முள்ளும், வரத்து இழுத்துப் போகாத அளவுக்கு ஈயக்குண்டும் கட்டுங்கள். கடலைப் பிண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறவைத்துக் கோதுமை மாவோடு பிசைந்துகொள்ளுங்கள். உருண்டை நீரில் சீக்கிரம் கரைந்தால் இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்க வேண்டும். தைக்குக் கொடைக்கானல் போகும்போது 10ஆம் எண் முள்ளும் (எண் கூடக் கூட முள் சிறிதாகும்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பெரிய முள் ஆகாது.