மறு: கிரவுண்ட் லூப் – காருக்குள் புவி எதற்கு?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் கிரவுண்ட் லூப்புக்குப் (கருவிகள் வெவ்வேறு இடங்களில் கிரவுண்டைத் தொடுவதால் உண்டாகி, ஸ்பீக்கரில் சத்தம் கிளப்பும் மின்வளையம்) 'புவிக்கண்ணி', 'தரைவளையம்' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. வீட்டு மின்சாரத்துக்கு இரண்டில் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மின்பெட்டியில் உள்ள பச்சை மஞ்சள் கம்பி கடைசியில் மண்ணைத்தான் போய்ச் சேர்கிறது. காருக்கு மட்டும் இவை வேண்டாம் என்பேன். கார் ரப்பர் டயர்மேல் நிற்கிறது. பட்டறையில் 'பாடி எர்த்' என்று சொல்வது வண்டியின் இரும்பு உடலை. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி அது. அதில் மண்ணுக்கு வேலையே இல்லை.

சொல் சரியாக இருந்தால் கை சரியான இடத்துக்குப் போகும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். என் மச்சான் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த கையோடு பழைய காரில் புது ஸ்டீரியோவும், பின்னால் பூட்டில் (சாமான் வைக்கும் இடத்தில்) ஒரு ஆம்ப்ளிஃபையரும் போட்டார். எஞ்சினை முடுக்கியதும் ஸ்பீக்கரில் 'ஊய்ய்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. பட்டறையில் பவர் கம்பியில் ஒரு ஃபில்டரை மாட்டி அனுப்பினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அப்புறம் கார்ப்பார்க்கிலேயே பூட்டைத் திறந்து பார்த்தோம். ஆம்ப்ளிஃபையரின் கறுப்புக் கம்பியைப் பெயின்ட் பூசிய தகட்டின் மேலேயே திருகியிருந்தார்கள். கம்பி முனையிலுள்ள உலோக வளையத்தைக் கழற்றினால் அடியில் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. திருகின் மரைதான் இரும்பைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து இறுக்கியதில் சத்தம் பெரும்பாலும் அடங்கியது. ஸ்டீரியோவின் எர்த்தையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்ததும் மீதியும் போய்விட்டது.

காரணம் எளிது. ஸ்டீரியோ டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் உடலைத் தொடுகிறது, ஆம்ப்ளிஃபையர் பூட்டில் வேறோர் இடத்தில் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவே, பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கம்பியின் வெளிவலையும் (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) ஓடுகிறது. ஆக, திரும்பும் மின்னோட்டத்துக்கு இரண்டு வழி, வளையம் பிறந்துவிட்டது. 20 ஆம்பியர் மின்னோட்டம் வெறும் 5 மில்லி ஓம் தடையைக் கடந்தாலே இரு முனைகளுக்கும் இடையே 0.1 வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரின் அலைவும் அதன்மேல் ஏறி வரும். பாட்டின் மெல்லிய பகுதிகள் அதைவிடச் சின்ன மின்னழுத்தத்தில்தான் வருகின்றன. அதனால் சத்தம் பளிச்சென்று கேட்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: காரில் கிரவுண்ட் என்பதற்கு 'மீள்தொடுப்பு', கிரவுண்ட் லூப்புக்கு 'மீள்தொடுப்பு வளையம்'. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'மீள்தொடுப்பைத் தேய்த்து இறுக்கு' என்றால் எதைச் செய்ய வேண்டும் என்று புதிதாகத் தொழில் கற்கும் பையனுக்கும் புரியும்.

அடுத்து, சத்தத்தின் பெயர். ஹம், வைன் இரண்டுக்கும் 'ரீங்காரம்' என்று பட்டியலில் இருக்கிறது. இதைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். வீட்டு ஸ்பீக்கரில் கேட்கும் ஹம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வருவது. கனமாக, ஒரே சுருதியில் நிற்கும். அதற்கு 'முரல்' போதும். காரில் வரும் வைன் வேறு. 6 சோடி முனைகள் உள்ள ஆல்டர்நேட்டர் ஒரு சுற்றுக்கு 36 துடிப்புகள் தரும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓய்வாக ஓடும்போது, கப்பி அளவால் ஆல்டர்நேட்டர் இரண்டரை மடங்கு, அதாவது 2000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள்; ஏறக்குறைய 1200 ஹெர்ட்ஸ் வருகிறது. எஞ்சின் 2400 சுற்றுக்குப் போனால் 3600 ஹெர்ட்ஸ். இதைக் காது விசில் என்றுதான் சொல்லும். வாய் மடித்து எழுப்பும் அந்த ஒலிக்கு 'வீளை' என்ற பழைய சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது. ஆல்டர்நேட்டரை மின்னாக்கி என்று கொண்டு, 'மின்னாக்கி வீளை' என்று வைத்துக்கொள்ளலாமே. எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கினால் வீளை, ஏறாமல் நின்றால் முரல் என்று பழுது பார்ப்பவர் காதாலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.

இந்தச் சத்தத்தை நிறுத்த ஆர்சிஏ கம்பியின் நடுவே மாட்டும் ஐசோலேட்டருக்கு 'இரைச்சல் நீக்கி' என்று எழுதியிருப்பது சரியில்லை. உள்ளே இருப்பவை சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை பாட்டைக் கடத்திவிட்டு வெளிவலைத் தொடர்பை அறுக்கின்றன. மலிவானதை மாட்டினால் பேஸும் (பாட்டின் கனத்த கீழ் ஒலி) மெலிந்துபோகும். எனவே 'வளைய முறிப்பான்'.

ஆர்சிஏ கம்பியின் ஷீல்டுக்கு இங்கே 'வெளிவலை' என்று எழுதிவிட்டேன். வலையாகப் பின்னாமல் உலோகத் தாளைச் சுற்றிய கம்பிகளும் உண்டு என்பதால் அந்தச் சொல் எனக்கே நிறைவாக இல்லை. இதற்கு உங்களிடம் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், பட்டியலை மூடும் முன் சேர்த்துவிடலாம்.