பழைய படகை லைசன்ஸோடு சேர்த்து விற்கிறார்கள், வாங்கலாமா? (பினாங்கு தென்கரை)

பாகான்வாசி:
வணக்கம். தெலுக் கும்பார் பக்கம் 22 அடி பைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது. 40 குதிரைசக்தி அவுட்போர்டு இஞ்சின், மூன்றடுக்கு இறால் வலை பத்துத் துண்டு, "லைசன்ஸும் சேர்த்துத்தான் இந்த விலை" என்கிறார் உரிமையாளர். லைசன்ஸ் அவர் பெயரிலேயே இருக்குமாம், வருஷா வருஷம் அவரே புதுப்பித்துத் தருவாராம், மாதம் ஒரு தொகை கொடுத்தால் போதுமாம். இது செல்லுமா? என் பெயருக்கே மாற்றிக்கொள்ள வழி உண்டா? இறால் ஓய்ந்த மாதங்களில் அதே படகில் கெம்போங் (கானாங்கெளுத்தி), வாவல் மீனுக்கு வலை போடலாமா? எவ்வளவு தூரம் போகலாம்? இந்தோனேசியப் பையன் ஒருவனை ஆளாக வைத்துக்கொள்ள முடியுமா?

ஈயக்குண்டு:
முதலில் அந்த மாதாந்திர ஏற்பாட்டை மறந்துவிடுங்கள். அது லைசன்ஸைக் குத்தகைக்கு விடுவது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தில் லைசன்ஸ் என்பது குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட படகுக்கு, குறிப்பிட்ட வலைக்கு மீன்வளத் துறைத் தலைமை இயக்குநர் தரும் அனுமதி. வைத்திருப்பவர் அதை விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. 8ஆம் பிரிவு லைசன்ஸ் இல்லாமல் மீன் பிடிப்பதையும் லைசன்ஸின் நிபந்தனையை மீறுவதையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறது. உள்நாட்டுப் படகுக்கு அபராதம் 50,000 ரிங்கிட் வரை, அல்லது இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். படகும் வலையும் பறிமுதல் ஆவது தனி.

பிடிபடாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். மீனவர் உதவித்தொகை, மானிய விலை எண்ணெய், கடலைத் தூர்க்கும் திட்டங்களுக்கான இழப்பீடு எல்லாம் பெரும்பாலும் லைசன்ஸில் பெயர் உள்ளவருக்கே போகும். தென்கரையில் கடலைத் தூர்த்துத் தீவு உண்டாக்குகிற வேலை நடக்கிற இந்தச் சமயத்தில் ஒருவர் படகை விற்றுவிட்டு லைசன்ஸை மட்டும் கையில் வைத்துக்கொள்ள நினைப்பது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பெயர் மாற்ற வழி உண்டு. கரையோர மீன்பிடிப்புக்குப் புது லைசன்ஸ் தருவதை 1980களின் தொடக்கத்திலேயே இறுக்கிவிட்டார்கள், அதனால் பழைய படகு கைமாறுவதுதான் பெரும்பாலும் நடைமுறை. ஆனால் வரிசை முக்கியம். விற்பவரும் நீங்களும் சேர்ந்து மாவட்ட மீன்வள அலுவலகத்துக்குப் போய் உரிமை மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகுதான் முழுப் பணம். முன்பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், "ஒப்புதல் கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்ற வரியோடு ஒப்பந்தம் போடுங்கள். நீங்கள் பதிவு பெற்ற மீனவரா, இதுதான் உங்கள் முழுநேரத் தொழிலா என்று பார்ப்பார்கள். சம்பள வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் கடலுக்குப் போகிறவருக்கு இது நடக்காது.

படகை நேரில் பார்க்கும்போது லைசன்ஸ் தாளைக் கையில் வாங்கி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பதிவு எண், படகின் நீளம், இஞ்சின் சக்தி, வலை வகை, மண்டலம் (கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கலாம் என்பது). பலர் கோட்டை விடுவது இஞ்சினில். தாளில் 30 என்று இருக்கும், பின்னால் 40 தொங்கும். அனுமதி கேட்காமல் மாற்றிய இஞ்சின் அது. ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் பார்ப்பதும் அதைத்தான். படகு ரொம்ப நாளாகக் கரையில் கிடந்து லைசன்ஸ் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், நீங்கள் வாங்குவது வெறும் பைபர் மட்டுமே.

ஆள் விஷயம்: வெளிநாட்டவரை ஏற்ற மீன்வளத் துறை அனுமதியும் வேண்டும், குடிநுழைவுத் துறை அனுமதியும் வேண்டும். அந்த ஏற்பாடு பெரிய படகுகளை நினைத்துச் செய்தது. கரையோர மண்டலம் சொந்தக்காரரே ஓட்டவேண்டிய மண்டலம். உள்ளூர் ஆளைப் பாருங்கள்.

நரம்புவலை:
வலை பற்றி நான் சொல்கிறேன்.

எந்த வலை என்பது லைசன்ஸில் எழுதியிருக்கும். எழுதாத வலை படகில் கிடந்தாலே கேள்வி வரும், "தண்ணீரில் இறக்கவில்லை சார்" என்பது எடுபடாது. கெம்போங்குக்கும் வாவலுக்கும் மிதவை வலை போட நினைத்தால் தாளில் அந்த வகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூடுதல் வலையாகச் சேர்க்க விண்ணப்பம் போடுங்கள்.

வலையின் கண்ணி (ஓட்டை) அளவை இழுத்துப் பிடித்துத்தான் அளக்க வேண்டும், ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை. கடைக்காரர் சில சமயம் ஒரு பக்க அளவைச் சொல்லிவிடுவார். அவர் சொன்ன ஒரு அங்குலம் இழுத்தால் இரண்டு அங்குலம். கெம்போங்குக்கு இழுத்த அளவில் இரண்டு அங்குலத்தை ஒட்டி வரும், நல்ல வாவலுக்கு நாலுக்கு மேல். 10 அங்குலத்துக்கு, அதாவது 25.4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கண்ணியுள்ள மிதவை வலைக்குத் தடை உண்டு. திருக்கைக்கு என்று போடும் அந்த வலையில் ஆமை சிக்கிச் செத்ததால் வந்த தடை. நம் தீவிலேயே பந்தாய் கெராச்சூட்டில் ஆமை முட்டையிட வருகிறது. ஆமை உயிரோடு சிக்கினால் கண்ணியை அறுத்து உடனே விடுங்கள், வலை போனால் போகட்டும். செத்திருந்தால் மீன்வள அதிகாரியிடம் சொல்லுங்கள், கரையில் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள்.

தள்ளு வலை, அதுதான் புக்காட் சோரோங், அடியோடு தடை. "பூபூ நாகா" என்று மலிவாகக் கிடைக்கிற அந்த நீளக் கூண்டையும் தொடாதீர்கள். 

பத்துத் துண்டு மூன்றடுக்கு வலை என்றீர்கள். பிரித்துப் பாருங்கள். உள்வலை தளர்வாக இருந்தால்தான் இறால் வெளிக்கண்ணி வழியே பைபோலச் சுருண்டு சிக்கும். பழைய வலையில் உள்வலை விறைத்துப் போயிருந்தால் அது பிடிக்காது. நரம்பை, அதாவது வலையின் நைலான் இழையை, இரு விரலால் முறுக்கி இழுங்கள். வெயிலில் கிடந்த நரம்பு வெள்ளையாகி நொறுக்கென்று அறும். அப்படியிருந்தால் வலைக்கு என்று ஒரு காசும் விலையில் சேர்க்காதீர்கள்.

கிரியான்கரை:
ஒரு இடைக்கேள்வி. நிபோங் திபால் பக்கம் சுங்கை கிரியானுக்குள் வலை போட்டாலும் இதே லைசன்ஸ்தானா?

ஈயக்குண்டு:
இல்லை. கடலும் கழிமுகமும் மத்திய அரசின் கையில், ஆற்று மீன்பிடிப்பு மாநிலத்தின் கையில். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையே அப்படித்தான் பிரித்திருக்கிறது. கழிமுகம் தாண்டி மேலே போனால் கடல் லைசன்ஸைக் காட்டிப் பயனில்லை. கிரியானில் இன்னொரு சிக்கல், எதிர்க்கரை சில இடங்களில் பேராக்.

தென்வாசல்:
தூரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய கணக்கில் கரையிலிருந்து 5 கடல்மைல் வரை ஏ மண்டலம், 5 முதல் 12 வரை பி, 12 முதல் 30 வரை சி, அதற்கு வெளியே சி2. மேற்குக்கரையில் பின்னால் இந்த எல்லைகளை நகர்த்தினார்கள். அதனால் ஜெட்டியில் யாரோ சொன்னதை நம்பாமல் லைசன்ஸில் உள்ள மண்டலத்துக்கு இன்றைய எல்லை எது என்று அலுவலகத்தில் கேட்டு ஜிபிஎஸ்ஸில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 22 அடிப் படகு என்றால் ஏ மண்டலம்தான். பெரிய இழுவலைக்காரர்கள் உங்கள் எல்லைக்குள் வந்து வலையைக் கிழித்துக்கொண்டு போவதும் நடக்கும். அப்போது பதிவு எண்ணும் ஜிபிஎஸ் புள்ளியும் நேரமும் இருந்தால்தான் கடல்சார் அமலாக்க நிறுவனத்திடம் புகார் நிற்கும்.

இரவு வலைக்கு விளக்கு கட்டாயம். இழுவலை அல்லாத வலையைப் போட்டிருக்கும் படகு மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் சுற்றிலும் தெரிகிற மாதிரிக் காட்ட வேண்டும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டால், வலை கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு. உங்கள் பத்துத் துண்டில் ஒன்று 50 மீட்டர் என்று வைத்தாலே மொத்தம் 500. அதனால் மூன்றாவது விளக்கும் வேண்டும். வலையின் கடைசிக் கொடியிலும் ஒரு மின்னும் விளக்கு கட்டுங்கள்.

கப்பல் வரும் வாய்க்காலுக்குக் குறுக்கே வலை போடாதீர்கள். குறுகிய வாய்க்காலில் மீன்பிடிக்கிற படகு மற்றக் கப்பலின் வழியை மறிக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. பினாங்குத் தென்வாசலில், அதாவது தெற்குக் கப்பல் வாய்க்காலில், நீரோட்டம் திரும்பும்போது வலை மெல்ல வாய்க்காலுக்குள் இழுபடும். பெருநீர் நாட்களில் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி) வலைத்துண்டைப் பாதியாகக் குறைத்துப் போடுவதே மேல்.

பாகான்வாசி:
மிக்க நன்றி அண்ணே எல்லோருக்கும். லைசன்ஸ் தாளின் நகல் கேட்டேன். "படகைப் பார்த்துவிட்டுப் பேசலாம்" என்கிறார்.

ஈயக்குண்டு:
பதிவு எண் படகின் முன்பக்கம் இரு பக்கமும் எழுதியிருக்கும். போனில் படம் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போய், இந்த எண்ணுக்கு லைசன்ஸ் நடப்பில் இருக்கிறதா, யார் பெயரில், எந்த வலைக்கு என்று கேளுங்கள். இஞ்சினின் வரிசை எண்ணையும் படம் எடுங்கள். பதில் வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.