தொழில் வைத்து வெளிநாடு குடியேற: கவுன்டரில் மாட்டிய கேள்விகள் (கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு)

முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர்

பிரான்சின் ‘தலான்’ (திறமையாளர்) விசாவில் தொழில் தொடங்குவோர் பிரிவு இங்கே எல்லோருக்கும் தெரியும்: 30,000 யூரோ முதலீடு, மாஸ்டர் பட்டம் அல்லது 5 வருடத் தொழில் அனுபவம், குறைந்தபட்சக் கூலி அளவுக்காவது வருமானம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருக்குப் பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் தோசைக் கடை போடும் திட்டம். பிரெஞ்சில் தடிமனான பிசினஸ் ப்ளான். பாரிஸ் கணக்காளர் அதைப் புரட்டக்கூட இல்லை, கடையின் குத்தகைத் தாளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “புகை எங்கே போகும்?”

கடைக்குப் புகைக்குழாய் இல்லை. அங்கே குழாய் இல்லாத கடையில் சூடுபண்ணி விற்கலாம், எண்ணெய்ச்சட்டி வைக்க முடியாது. குழாயைக் கூரை வரை ஏற்ற வேண்டுமென்றால் கட்டடத்தில் உள்ள எல்லா உரிமையாளர்களும் கூடி ஓட்டுப்போட வேண்டும். அந்தக் கூட்டம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான். ப்ளானில் இருந்த வடை, போண்டா வருமானம் மொத்தமும் அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

மஞ்சக்குப்பம் ஆடிட்டர்

புகைக்குழாய் அப்புறம். பாதி ஃபைல் பாரிஸ் போவதற்கு முன்னால் கடலூரிலேயே நின்றுவிடுகிறது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு விற்ற பணம். பத்திரத்தில் 38 லட்சம், கைக்கு வந்தது 95 லட்சம். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்த பெண் பென்சிலை எடுத்து அந்த 38-ஐ வட்டம் போட்டார். அவ்வளவுதான். மிச்சம் 57 லட்சம் ரொக்கம், அதற்குக் காகிதமே கிடையாது. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அந்தத் தொகைக்குச் சமமான அபராதம் நிலத்தை விற்றுப் பணம் வாங்கியவர் தலையில் விழும். நிலத்தை விற்று வெளிநாடு போகிறவர்கள் விலை பேசும்போதே முழுத்தொகையும் பத்திரத்தில், முழுப்பணமும் வங்கி வழியாக என்று முடிவு பண்ண வேண்டும். நிலத்தை வாங்குபவருக்கு முத்திரைக் கட்டணம் கூடும், முகம் சுளிப்பார். அந்தக் கூடுதலை விலையில் கழித்துக்கொடுத்தால்கூட லாபம்தான்.

காகித வரிசை இது: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், கிரயப் பத்திரம், பணம் வந்த வங்கிப் பக்கம், அந்த வருடத்து வருமான வரி ரிட்டர்ன். கிராமப்புற விவசாய நிலம் என்று மூலதன ஆதாய வரி வராவிட்டாலும், ரிட்டர்னில் அதைக் காட்டாமல் விடாதீர்கள். பிறகு கேட்கும்போது எடுத்துக்காட்ட அதுதான் இருக்கும்.

இனி அனுப்புவது. ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை. முதலீட்டுக்கு அனுப்பும் வங்கியில் ஒரு வருடமாவது கணக்கு இருக்க வேண்டும். புதுக் கணக்கு என்றால் பழைய வங்கியின் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். கடன் வாங்கி அனுப்பலாமே என்பவர்களுக்கு: இந்த வகை அனுப்புதலுக்கு வங்கி கடன் தரக்கூடாது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20% டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வருமான வரி). யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 30,000 யூரோ 30 லட்சம், டிசிஎஸ் 4 லட்சம். ரிட்டர்னில் திரும்ப வரும், ஆனால் அதுவரை கையில் இல்லை. பட்ஜெட்டில் இதை விட்டவர்கள்தான் கடைசி நேரத்தில் நகை அடகுக்கு ஓடுகிறார்கள்.

லாஸ்பேட்டை

ஆடிட்டர் சார், பயமுறுத்தாதீங்க. 30,000 யூரோவுக்கு அண்ணன் பேரில் பாதி, அண்ணி பேரில் பாதி அனுப்பினா டிசிஎஸ் குறையுமே. எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க?

மஞ்சக்குப்பம் ஆடிட்டர்

தம்பி, அண்ணியும் அந்தக் கம்பெனியில் பங்குதாரர் என்றால் செய்யலாம். பங்கு இல்லாத ஆள் வரம்பை முதலீட்டுக்காகச் சேர்த்துக்கொள்ள விதி இல்லை. இங்கே வசிக்கும் ஒருவர் இங்கே வசிக்கும் இன்னொருவரின் வெளிநாட்டுக் கணக்கில் டாலராக அன்பளிப்புப் போடுவதும் முடியாது. அமெரிக்க இபி-5க்கு (முதலீடு செய்து கிரீன் கார்டு வாங்கும் விசா) 8,00,000 டாலர் சேர்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். ரூபாயில் மனைவி கணவனுக்குக் கொடுக்கலாம், ஆனால் அனுப்புவது கணவனின் வரம்புக்குள்தான். மார்ச்சில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை அனுப்பினால் இரண்டு நிதியாண்டு ஆகிறது, 5,00,000 டாலர். அதற்கு மேல் அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். பட்டியலிடாத வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்குவது 2022 ஆகஸ்ட் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி நேரடி முதலீடு. பணம் போகும்போதே ஃபார்ம் எஃப்சி கொடுத்து அடையாள எண் வாங்க வேண்டும். பங்குச் சான்றை 6 மாதத்துக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். வருடா வருடம் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. அந்தக் கம்பெனி நிதிச்சேவைத் தொழில் செய்யக் கூடாது. உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அதற்கடியில் இன்னொரு துணைக் கம்பெனியும் கூடாது. சாதாரணக் குடும்பப் பராமரிப்பு என்று காரணம் எழுதி 30,000 யூரோவை அனுப்பிவிட்டுப் பிறகு முதலீடு என்று காட்ட வந்தால் வங்கி ஏற்காது.

உப்பளம்

சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) குடும்பங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அமெரிக்காவின் ஈ-2 முதலீட்டு விசா அதனோடு வணிக ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்குத்தான்; இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கு உண்டு. அதனால் 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு அதிகம்.

நேர்காணலில் பார்த்தது: அண்ணன் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், தம்பி இந்தியப் பாஸ்போர்ட். பணம் தம்பியிடம். அதனால் பங்கு தம்பிக்கு 60, அண்ணனுக்கு 40. அதிகாரி பங்குப் பட்டியலைத் திருப்பிக் காட்டி, “இந்தக் கம்பெனி எந்த நாட்டுடையது?” என்றார். பதில் இந்தியா. ஒப்பந்த நாட்டுக் குடிமக்கள் கையில் குறைந்தது 50% இருந்தால்தான் ஈ-2. அண்ணனுக்குப் பாதி கொடுத்து, அவர் போட்ட பணம் அவருடையதுதான் என்று அன்பளிப்புப் பத்திரத்தோடு காட்டியிருக்க வேண்டும்.

ஒப்பந்த நாடான கிரெனடாவின் குடியுரிமையைப் பணம் கொடுத்து வாங்கி ஈ-2 போகலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2022 டிசம்பர் அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு, பணம் கொடுத்துக் குடியுரிமை வாங்கியவர் அந்த நாட்டில் தொடர்ந்து 3 வருடம் வசித்திருக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்

முதல் பதிவர் 5 வருட அனுபவத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டார். அதுதான் நம்ம ஊர் ஓட்டல்காரர்களுக்குப் பெரிய மலை. பட்டம் இல்லாதவர் “15 வருடமா கடை நடத்துகிறேன்” என்றால் போதாது, காகிதம் வேண்டும். வருட விற்பனை 20 லட்சத்துக்குக் கீழே என்று ஜிஎஸ்டி பதியாமல் இருந்தவரிடம் அந்தச் சான்று இருக்காது. அவருக்கு நகராட்சித் தொழில் உரிமம், எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புப் பதிவின் பழைய புதுப்பிப்புகள், உத்யம் சிறுதொழில் பதிவுச் சான்று (அது 2020 ஜூலையில்தான் தொடங்கியது, முந்தைய வருடங்களுக்கு உதவாது), ரிட்டர்ன்கள், கடை வாடகை ஒப்பந்தம் என்று சேர்க்க வேண்டும். ஐந்து வருடமும் விடுபடாமல் வரவேண்டும்.

பிரான்சில் ஓட்டலுக்கு இன்னும் இரண்டு: உணவுச் சுகாதாரப் பயிற்சி 14 மணி நேரம், கடையில் ஒருவராவது முடித்திருக்க வேண்டும். மது விற்றால் தனியாக 20 மணி நேரப் பயிற்சி. பயிற்சி பிரெஞ்சில் நடக்கும் என்பதை ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

நெல்லித்தோப்பு

பேர்! பேரை யாருமே சொல்லலை. பட்டாவில் “ரா. குமார்”, பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசா, டிகிரியில் இனிஷியல் கடைசியில், பாங்கில் இன்னொரு மாதிரி. சரிபார்க்கிறவர் நாலையும் வரிசையாக மேஜையில் அடுக்கி, “இவங்க நாலு பேரும் யாரு?” என்றார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் சில இடங்களில் போதும். பட்டாவை மட்டும் தாலுகா ஆபீசில் திருத்திவிடுங்கள், விற்பதற்கு முன்னால். விற்ற பிறகு பட்டா வேறு ஆள் பேரில் மாறிவிடும், திருத்த எதுவும் இருக்காது.

முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர்

ஆமாம். மொழிபெயர்ப்பிலும் அந்த நாலு பேரும் அப்படியே வருவார்கள், மூலத்தில் உள்ள எழுத்தை நாங்கள் மாற்ற முடியாது. அமெரிக்க ஃபைலுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், தகுதியும் சரித்தன்மையும் உறுதி செய்யும் கையெழுத்தும் போதும், நோட்டரி தேவையில்லை. பிரெஞ்சு ஃபைலுக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். புதுச்சேரியின் பழைய நொத்தேர் (பிரெஞ்சு முறை நோட்டரி) பத்திரங்கள் ஏற்கெனவே பிரெஞ்சில் இருக்கும், அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உப்பளம்

ஆடிட்டர் சார், அக்கா பாரிஸில் வசிக்கிறார், இங்கே வீடு விற்ற பணம் இருக்கிறது. அவருக்கும் 2,50,000 டாலர்தானா?

மஞ்சக்குப்பம் ஆடிட்டர்

இல்லை. அங்கே வசிப்பவர் என்றால் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு), நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை. ஆடிட்டர் சான்று வேண்டும், அந்த டிசிஎஸ் வராது. வீடு விற்கும்போது வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரியை (டிடிஎஸ்) மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் வீட்டுக்கு அது 1% இல்லை.