மறு: ‘ஸ்டாப்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘படி’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

படமெடுக்கும்போது ஒளியின் அளவைச் சொல்லும் ‘ஸ்டாப்’ என்ற அலகுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். ‘நிறுத்தம்’, ‘இரட்டி’, ‘ஒளிப்படி’, ‘ஸ்டாப் என்றே விட்டுவிடலாம்’ என்று நான்கு பக்கமும் வாதங்கள் வந்துவிட்டன. பள்ளி, கல்லூரி நடனப் போட்டிகளைப் படமெடுப்பது என் வேலை. ஒரு மாலைக்குள் இந்தச் சொல்லை எத்தனை முறை சொல்கிறேன் என்று கணக்கே இல்லை. அதனால் மேடைக்குக் கீழே நிற்பவனின் தேவையைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

நடனப் போட்டியில் ஃபிளாஷ் போடக்கூடாது. பெரும்பாலான இடங்களில் இதை முன்பே அறிவித்துவிடுவார்கள், அறிவிக்காவிட்டாலும் போடக்கூடாது. அபிநயம் பிடிக்கிற பிள்ளையின் கண்ணில் பளீரென்று வெளிச்சம் அடித்தால் அடுத்த அடி தடுமாறும். மதிப்பெண் போவது அவளுக்குத்தான். போதாததற்கு ஃபிளாஷ் அரங்க விளக்கின் நிறத்தையெல்லாம் அழித்து முகத்தைச் சுண்ணாம்பு பூசியது போலாக்கிவிடும். ஆக, இருக்கிற வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். இருக்கிற வெளிச்சமோ குறைவு. கையில் உள்ளவை மூன்று: லென்ஸின் துளை, ஒளி உள்ளே வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகம், ஒளிக்குக் கேமராவின் உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ. ஒன்றில் ஏற்றினால் இன்னொன்றில் இறக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே கணக்கில் பேச வைக்கும் அலகுதான் ஸ்டாப். ஒளி இரு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடுதல், பாதியானால் ஒரு ஸ்டாப் குறைவு.

போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு போட்டிக்குப் பள்ளி மாணவி ஒருத்தி என்னோடு உதவிக்கு வந்திருந்தாள். இரண்டாவது கேமராவை அவளிடம் கொடுத்திருந்தேன். பின்னால் கறுப்புத் திரை. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் அந்தக் கறுப்பைப் பார்த்து ஏமாந்து ஒளியைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஆடுபவரின் முகம் வெளுத்துப்போய்க்கொண்டிருந்தது. இருட்டில் அவள் காதருகே ‘ஒரு ஸ்டாப்’ என்று சொல்லிக் கையைக் கீழ்நோக்கிக் காட்டினேன். அவள் கேமராவைக் கீழே இறக்கி, எடுப்பதை நிறுத்திவிட்டாள். தில்லானாவின் கடைசிப் பகுதி அப்படியே போய்விட்டது. தவறு அவளுடையதல்ல. அவள் படித்த ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நிறுத்து என்றுதான் பொருள்.

‘நிறுத்தம்’ வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஆங்கிலத்திலேயே அது தன் பொருளை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்ட சொல். தொடக்கத்தில் ஒளியைத் தடுக்கும் துளைத் தகட்டுக்குத்தான் அந்தப் பெயர். 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர், வெவ்வேறு அளவில் துளை போட்ட உலோகத் தகடுகளை லென்ஸ் குழலின் பிளவில் செருகும் முறையைக் கொண்டுவந்தார். தகட்டை மாற்றினால் ஒளியின் அளவு மாறும். தகட்டின் பெயர் பிறகு துளையளவுக்கு ஆகி, அங்கிருந்து இரு மடங்கு என்ற அலகுக்கு வந்து சேர்ந்தது. இன்று ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் அதே சொல்லால் அளக்கிறார்கள், அங்கே தகடும் இல்லை, தடுப்பதும் இல்லை. ஆங்கிலத்துக்குள் நடந்த இந்தப் பயணத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘இரண்டு நிறுத்தம் குறைவு’ என்று எழுதினால் நம் வாசகர் மனத்தில் பேருந்துதான் வரும்.

‘இரட்டி’யைச் சொன்ன நண்பரின் வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பொருளின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் ‘ஓர் இரட்டி குறை’ என்று சொல்லிப் பாருங்கள். கூட்டுவதா குறைப்பதா என்று கை தயங்கும். ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் பொதுவான சொல் தேவை.

என் பரிந்துரை ‘படி’.

ஏறவும் இறங்கவும் ஒரே படிதான். ‘ஒரு படி ஏற்று’, ‘இரண்டு படி இறக்கு’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். அப்புறம், நம் பழைய முகத்தல் அளவைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கிலிருந்து படிக்கு மூன்று தாவல், அளவு எட்டு மடங்கு. ஒளியில் மூன்று ஸ்டாப் ஏறினாலும் அதே எட்டு மடங்குதான். படி என்ற அளவை எப்போதும் ஒரே கொள்ளளவு அல்லவா, ஸ்டாப் அப்படி இல்லையே என்று யாராவது கேட்கலாம். சரிதான். நான் எடுப்பது மாடிப்படியின் பொருளைத்தான். ஆனால் இருமடங்காக ஏறும் ஓர் ஏணி நம் அடுக்களையிலேயே இருந்திருக்கிறது, அதன் உச்சியில் இருந்த சொல்லும் இதுவே என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

நடனக்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அருகில் இருக்கிறது. எனக்கு இது பிடிபட்டது, பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளுக்கு நடந்த ஒரு போட்டியில். தட்டடவை முதல் காலத்தில் செய்வார்கள், பிறகு இரண்டாம் காலம், மூன்றாம் காலம். தாளம் மாறாது. ஒவ்வொரு காலத்துக்கும் அடிகளின் வேகம் மட்டும் இரு மடங்காகும். கை அதே தூரத்தைப் பாதி நேரத்தில் கடந்தால் படத்தில் அதன் கலங்கல் இரு மடங்காகும். அதைச் சரிக்கட்ட ஷட்டர் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். முதல் காலத்துக்கு 1/125 நொடி போதுமானால் இரண்டாம் காலத்துக்கு 1/250, மூன்றாம் காலத்துக்கு 1/500. காலம் ஒன்று ஏறினால் ஒளி ஒரு படி இறங்கும். வேகம் கூடும்போது கை வீச்சு சற்றுக் குறுகுவதும் உண்டு, அதனால் இது மேடையில் துல்லியமாக நிற்காது. ஆனால் பரதம் கற்ற பிள்ளைகளுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த மாணவிக்கும் பிறகு இப்படித்தான் சொன்னேன். அதற்குப் பின் என் வாயிலும் ஸ்டாப் வருவதில்லை.

சொல் தாங்குகிறதா என்று பார்க்க, நான் நாள்தோறும் பேசும் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். என் வழக்கமான தொடக்கம் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ 3200. கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால் துளை சுருங்கி எஃப் 5.6க்குப் போய்விடும். ‘இரண்டு படி போச்சு’ என்கிறேன். அதை மீட்க ஐஎஸ்ஓவை 12800க்கு ஏற்ற வேண்டும், அல்லது ஷட்டரை 1/60க்கு இறக்கிக் கை கால்கள் கலங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதே இடத்தில் விலை குறைந்த 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் 5.6ஐ விட ஏறத்தாழ மூன்றேகால் படி லாபம். ‘மூன்றேகால் படி’ என்று தமிழில் எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள்! அரைப்படி, ஒன்றரைப் படி எல்லாம் அப்படியே வரும். கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு படி இறக்கு, சில சமயம் ஒன்றரை. கேமராவின் சக்கரம் பொதுவாக மூன்று சொடுக்கில் ஒரு படி நகரும். ஒரு சொடுக்கை மூன்றிலொரு படி என்பேன். ஒரு பகுதியை முடித்துவைக்கும் அடிக்கோவையான தீர்மானம் முடிந்து ஆடுபவர் ஒரு கணம் சிலையாக நிற்கும் இடத்தில் ஷட்டரில் ஒரு படி விட்டுக்கொடுத்து ஐஎஸ்ஓவில் ஒரு படி இறக்கலாம். அந்தக் கணம் எப்போது வரும் என்பதை நட்டுவனார் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசையே சொல்லிவிடும்.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். துளை எண் 2.8இலிருந்து 4க்குப் போனால் எண் ஏறுகிறது, ஒளியோ ஒரு படி இறங்குகிறது. எண் ஏறத்தாழ 1.4 மடங்காகும்போது துளையின் பரப்பு பாதியாவதால் அப்படி. எனவே கலைச்சொல் விளக்கத்தில், ஏற்றம் இறக்கம் இரண்டும் ஒளியைக் குறித்தவை, எண்ணைக் குறித்தவை அல்ல என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் புதிதாகக் கற்பவர்கள் நிச்சயம் குழம்புவார்கள்.

‘படி’க்கு ஏற்கெனவே பல பொருள், நகல் என்றும் படித்தல் என்றும் குழப்பம் வருமே என்று கேட்டிருந்தார்கள். முன்னால் ஓர் எண்ணும் பின்னால் ஏற்று, இறக்கு, கூடுதல், குறைவு என்ற சொற்களில் ஒன்றும் வந்தால் குழப்பத்துக்கு இடமில்லை. அகராதித் தலைப்புக்குத் தெளிவு வேண்டுமென்றால் ‘ஒளியளவுப் படி’ என்று வைக்கலாம். ‘ஒளிப்படி’ மட்டும் வேண்டாம். அதைப் போட்டோகாப்பிக்குப் பயன்படுத்துகிறார்கள், ஒளிப்படம் என்ற சொல்லோடும் காதில் உரசும்.

ஐஎஸ்ஓ ஏற்றும்போது படத்தில் வரும் பொரிபொரியான புள்ளிகளுக்கு ‘இரைச்சல்’ சரியா என்று இடையில் ஒரு கேள்வி வந்தது. அதற்குத் தனி இழை வேண்டும். கண்ணால் பார்ப்பதை இரைச்சல் என்பது எனக்கு ஒட்டவில்லை, என் மனம் ‘நொய்’ பக்கம் போகிறது. உடைந்த அரிசி நொய்யைத் தட்டில் பரப்பினால் எப்படியோ அப்படித்தான் நிழல் பகுதிகள் தெரிகின்றன, ‘நாய்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலியும் பக்கத்தில் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு இரைச்சலே இருக்கட்டும். சமிக்ஞை பொறியியல் படித்தவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும் என்பார்கள், அவர்கள் வாதத்தையும் கேட்க வேண்டும்.

‘படி’க்கு என் வாக்கு. இலங்கை நண்பர்கள் யாரும் இன்னும் இந்த இழையில் எழுதவில்லை. ‘இரண்டு படி இறக்கி எடு’ என்றால் அங்கே காதில் எப்படி விழுகிறது என்று சொன்னால், அதையும் பார்த்துவிட்டுக் கலைச்சொல் பதிவேட்டில் ஏற்றலாம்.

அன்புடன்.