மர்டாக் கையில் கொடுக்கப்பட்ட துப்பாக்கி

சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருக்கும் என் அத்தை மகன் விடுப்பில் வந்திருந்த நாளொன்றில், தொலைக்காட்சியில் ‘டைட்டானிக்’ ஓடிக்கொண்டிருந்தது. முதல் அதிகாரி வில்லியம் மர்டாக், படகை நோக்கி நெருக்கியடித்து வந்த பயணிகளைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொள்ளும் காட்சி வந்ததும், “இது நெசமாவே நடந்துச்சா சித்தப்பா?” என்று என் மகன் கேட்டான். “கப்பல் மூழ்குனது நெசம். இத யாரும் நிரூபிக்கல” என்று சொல்லிவிட்டு அத்தை மகன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அதன் பிறகுதான் 1912-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த விசாரணைகளின் சாட்சியங்களைத் தேடிப் படித்தேன். துப்பாக்கியை இயக்கியதாகத் தாமே சொன்னவர் ஐந்தாம் அதிகாரி ஹெரால்டு லோ. இறங்கிக்கொண்டிருந்த படகுக்குள் யாரும் குதித்துவிடக் கூடாதென்று, ஆள்மேல் படாதபடி கப்பலின் பக்கவாட்டில் சுட்டதாக அவர் சாட்சியமளித்தார். ஓர் அதிகாரி தம்மைச் சுட்டுக்கொண்டார் என்று உயிர் தப்பியவர்கள் சிலர் கூறியது உண்மைதான் என்றாலும், அது மர்டாக்தான் என்று எந்த விசாரணையும் முடிவு செய்யவில்லை. கப்பலின் வலப்பக்கப் படகுகளை இறக்கியதில் முன்னின்ற அவர், அருகில் பெண்களும் குழந்தைகளும் இல்லாதபோது ஆண்களையும் ஏற்றி அனுப்பினார் என்பதோ பதிவான செய்தி. இடப்பக்கம் நின்ற இரண்டாம் அதிகாரி லைட்டோலர், படகோட்டத் தேவையானவர்களைத் தவிர ஆண்களை அனுமதிக்கவே இல்லை. கடைசிவரை மர்டாக் படகை இறக்கப் போராடிக்கொண்டிருந்தார் என்று அவருடைய மனைவிக்குக் கடிதம் எழுதியவரும் இதே லைட்டோலர்தான்.

கப்பல் நிறுவனத்தின் முத்திரை பொறித்த தட்டுகள்வரை பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் இந்தப் படக்குழுவினர் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1985-இல் சிதைவுகள் இரு பெரும் துண்டுகளாகக் கண்டெடுக்கப்பட்டதால், கப்பல் உடைந்து மூழ்குவதாகவே காட்டினார்கள். இரும்புக்குச் சான்று கேட்டவர்கள் மனிதனுக்குக் கேட்கவில்லை. கற்பனைப் பாத்திரம் ஒன்றின் கையில் அந்தத் துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் காட்சியின் வேகம் எள்ளளவும் குறைந்திருக்காது.

மர்டாக்கின் சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் டல்பீட்டியில் எதிர்ப்பு வலுத்ததால், படநிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் 1998-இல் அங்கே நேரில் சென்று வருத்தம் தெரிவித்து, மர்டாக் பெயரால் அவ்வூர்ப் பள்ளியில் வழங்கப்படும் பரிசுக்கு 5,000 பவுண்டு அளித்தார். 2012-இல் படம் முப்பரிமாணத்தில் மீண்டும் வெளியானபோது, வானியலாளர் ஒருவர் சுட்டிக்காட்டியதை ஏற்று, அந்த இரவின் விண்மீன்களை உரிய இடங்களுக்கு மாற்றினார்கள். மர்டாக் சுடும் காட்சி அப்படியே இருக்கிறது.