பெயரில் 13 இல்லாத கேம் ஃபைனல் ஃபேண்டஸி 13 தொகுப்பில் எப்படி இருக்கும்?

படிகவாசி:
நேற்று சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி பற்றிய பேச்சில் மழைநாள் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "அகிட்டோ 13-க்குப் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது, ஃபாபுலா நோவா கிறிஸ்டாலிஸ் தொகுப்பில் அது அப்படியேதான் இருக்கிறது" என்று. படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை, அதனால்தான் தனியாக எழுதுகிறேன். 2006 மே மாதம் இ3 கேம் கண்காட்சியில், ஃபைனல் ஃபேண்டஸி தொடரை எடுக்கும் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் அந்தத் தொகுப்பாக மூன்று கேம்களை ஒன்றாக அறிவித்தது. சோனியின் பிஎஸ்3 கருவிக்கு ஃபைனல் ஃபேண்டஸி 13, அதே பிஎஸ்3-க்கு வெர்சஸ் 13, கைபேசிக்கு அகிட்டோ 13. மூன்றையும் கட்டிப் போட்டது எது? 13. இந்த 2011 ஜனவரி 18 அன்று டோக்கியோவில் நடந்த நிகழ்ச்சியில் அகிட்டோ 13 என்பதை டைப்-0 என்று மாற்றிவிட்டார்கள். 13 போய்விட்டது. அப்புறம் எப்படி அது அதே தொகுப்பு? மழைநாள் வந்து விளக்கட்டும்.

மழைநாள்:
வந்துவிட்டேன். அதே ஜனவரி 18 நிகழ்ச்சியில்தான் இந்தத் தொகுப்புக்குப் பொதுவான புராணத்தை ஒரு குறும்படமாகவே போட்டுக் காட்டினார்கள், பார்த்தீர்களா? புனிவெல்ஸே என்ற கடவுள் தன் தாய் முய்னைக் கொன்று உலகைத் தன் கைக்குள் கொண்டுவருகிறான். அவள் கண்ணுக்குத் தெரியாத உலகத்துக்குப் போய்விடுகிறாள். இந்த உலகம் அழியப்போவது அவள் இட்ட சாபத்தால்தான் என்று அவனுக்குப் பயம். அந்த மறு உலகத்தின் வாசலைக் கண்டுபிடிக்க முதலில் பல்ஸைப் படைக்கிறான். அடுத்து படைத்த எட்ரோ தெரியாமல் தாயின் சாயலிலேயே வந்துவிடுகிறாள். அதைக் கண்டு பயந்து அவளுக்கு எந்தச் சக்தியும் கொடுக்காமல் விடுகிறான். மூன்றாவதாக லிண்ட்ஸே. பிறகு தானே கிரிஸ்டலாகி உறங்கிவிடுகிறான். தனியாக விடப்பட்ட எட்ரோ தன்னையே கிழித்துக்கொண்டு மறைகிறாள், அவள் சிந்திய ரத்தத்திலிருந்துதான் மனிதர்கள் வருகிறார்கள். அதனால்தான் சாவதற்கென்றே பிறந்தவர்கள். செத்து வரும் மனிதர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று அவள் அவர்களுக்குக் கொஞ்சம் இருளைக் கொடுத்து அனுப்புகிறாள், அதைத்தான் அவர்கள் இதயம் என்கிறார்கள். இதை எழுதியவர் கஸுஷிகே நொஜிமா. தொகுப்பு என்றால் எனக்கு இதுதான். எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

படிகவாசி:
அழகாகக் கதை சொன்னீர்கள். நான் கேட்டது அதுவா? பெயரில் 13 இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மழைநாள்:
இல்லை. அதனால் என்ன?

படிகவாசி:
அதுதான் எல்லாமே. 13 வேண்டாம் என்று முடிவெடுத்தவன் தொகுப்பும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டான். வெளியே சொல்ல வெட்கப்படுகிறான், அவ்வளவுதான்.

பழையகார்ட்ரிட்ஜ்:
தம்பி படிகவாசி, எண்ணை இவ்வளவு நம்பாதே. சூப்பர் நின்டெண்டோ காலத்திலிருந்து விளையாடுகிறவன் சொல்கிறேன். ஜப்பானில் நான்காவதாக வந்த ஃபைனல் ஃபேண்டஸி 1991-இல் அமெரிக்காவில் 2 என்ற பெயரில் வந்தது. ஆறாவது 1994-இல் அங்கே 3 ஆனது. எண் மாறியதால் நான்காவதின் நாயகன் செசில் வேறு ஆளாகிவிட்டானா? ஆறாவதின் நாயகி டெர்ரா வேறு பெண்ணாகிவிட்டாளா? 1997-இல் ஏழாவது வந்தபோதுதான் இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்கு வந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். கேம்பாயில் வந்த முதல் சாகா கேமை அமெரிக்காவில் ஃபைனல் ஃபேண்டஸி லெஜண்ட் என்று விற்றார்கள். சேய்க்கென் டென்செட்ஸுவின் முதல் கேமை ஃபைனல் ஃபேண்டஸி அட்வென்சர் என்று விற்றார்கள். பெட்டியில் பெயர் இருந்தது, உள்ளே இருந்தது வேறு தொடர். பெட்டி மேல் அச்சடிப்பதை முடிவு செய்கிறவர்கள் விற்பனைக்காரர்கள்.

படிகவாசி:
அண்ணா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொன்னது மொழிபெயர்த்து வேறு நாட்டுக்கு அனுப்பும்போது நடந்தது. இங்கே ஜப்பானிலேயே, உருவாக்கியவர்களே, நான்கு வருடத்துக்கு மேல் அகிட்டோ 13 என்று சொல்லிக்கொண்டு வந்த பெயரிலிருந்து 13-ஐ வெட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? 13-ஐ வெட்டியவர்கள் அமெரிக்க விற்பனைக்காரர்கள் இல்லை.

மழைநாள்:
அப்படியானால் ஒரு விஷயத்தைக் கவனிக்கவே இல்லை நீங்கள். இதுவரை தொகுப்பின் முழுப்பெயரே ஃபாபுலா நோவா கிறிஸ்டாலிஸ் ஃபைனல் ஃபேண்டஸி 13. இப்போது தொகுப்பின் பெயரிலிருந்தே 13-ஐ எடுத்துவிட்டார்கள். வெறும் ஃபாபுலா நோவா கிறிஸ்டாலிஸ் ஃபைனல் ஃபேண்டஸி. தொகுப்புக்கே 13 இல்லாதபோது அதற்குள் இருக்கும் கேமுக்கு மட்டும் எதற்கு? கிரிஸ்டலின் புதிய கதை, லத்தீனில் அதன் பொருள் அவ்வளவுதான். அதில் எந்த எண்ணும் இல்லை.

படிகவாசி:
பாருங்கள், நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். தொகுப்பே 13-ஐக் கைவிட்டுவிட்டது. அப்படியென்றால் 2006-இல் எங்களுக்குக் காட்டிய தொகுப்பு இனி இல்லை. நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான்.

மழைநாள்:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? நான் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள்.

நாக்டிஸ்தோழன்:
இரண்டு பேரும் அகிட்டோவுக்காக அடித்துக்கொள்கிறீர்கள், வெர்சஸ் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அதன் ஏழு நிமிட டிரெய்லரைப் பார்த்தீர்களா? நாயகன் நாக்டிஸ் நடந்து போகிறான், உலக வரைபடம், கார் என்று எல்லாமே இருக்கிறது. இயக்குநர் நொமுரா நிஜமாகவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். இவ்வளவு காட்டியபிறகும் வெளியீட்டுத் தேதி மட்டும் இல்லை. 2006-இலிருந்து காத்திருக்கிறேன். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், இப்போது வேலைக்குப் போகிறேன்.

பச்சைவட்டு:
வெர்சஸ் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்கும் வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

படிகவாசி:
வெர்சஸ் 13 பிஎஸ்3-க்கு மட்டும்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

பச்சைவட்டு:
2008-இல் 13 பற்றியும் இதே வார்த்தையைச் சொன்னீர்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஃபைனல் ஃபேண்டஸி 13 வந்தால் நான் கேம் விளையாடுவதையே விட்டுவிடுகிறேன்" என்று எழுதினீர்கள். அடுத்த வாரமே ஜூலை இ3-இல் வந்து அறிவித்தார்கள். இன்னும் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

படிகவாசி:
ஜப்பானில் முதலில் பிஎஸ்3-க்கு மட்டும்தான் வந்தது. நான் சொன்னது ஜப்பானைப் பற்றி. உங்கள் பெட்டியில் மூன்று டிவிடியை மாற்றி மாற்றிப் போட்டு, 576 வரியில் மங்கலான படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள், எங்களுக்கு ஒரே ப்ளூரேயில் 720-இல் முடிந்தது. இதை இங்கே இழுக்க வேண்டிய அவசியம் என்ன?

பச்சைவட்டு:
அன்று நீங்கள் எழுதியதில் ஜப்பான் என்ற சொல்லே இல்லை. மூன்று டிவிடியானாலும் அதே கதை, அதே சண்டை, அதே நீண்ட தாழ்வாரம். கிரான் பல்ஸ் என்ற திறந்தவெளி வரும் வரைக்கும் நேர்கோட்டில் நடந்ததில் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பழையகார்ட்ரிட்ஜ்:
அது உண்மை. பதினோராவது அத்தியாயம் வரை ஒரு குழாய்க்குள் ஓடியது போலத்தான் இருந்தது. பழைய கேம்களில் இருந்த ஊர்கள் எங்கே? கடைத்தெரு எங்கே? கடையைக்கூடச் சேமிக்கும் இடத்தில் ஒரு திரையாக வைத்துவிட்டார்கள்.

மழைநாள்:
13 நேர்கோடுதான். ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் துரத்தப்படுகிறவர்கள், லுசீக்கள். ஃபல்சீ என்ற தெய்வ சக்தி ஒன்று பிடித்து முத்திரை குத்தி, செய்யவேண்டிய பணியைத் தெளிவாகச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. பணியை முடித்தால் கிரிஸ்டலாகிவிடுவாய், முடிக்காவிட்டால் சீத் என்ற பிசாசாகிவிடுவாய். இரண்டு வழியிலும் முடிவுதான். அப்படிப்பட்டவன் கடைத்தெருவில் நின்று பேரம் பேசுவானா? அந்த நெருக்கடியை என்னால் உணர முடிந்தது. எனக்கு ஆதங்கம் வேறு. எட்ரோ, பல்ஸ், லிண்ட்ஸே எல்லாரையும் தகவல் குறிப்புகளுக்குள் புதைத்துவிட்டார்கள். அதைத் தேடிப்போய்ப் படிக்காதவனுக்கு இந்தப் புராணம் இருப்பதே தெரியாது. ஜப்பானில் முதல் நாளிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்ற கேம், வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்புகளைத் திறந்திருப்பார்கள்? அதனால்தான் ஜனவரியில் அந்தக் குறும்படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் வெளியே சொன்னார்களே என்று.

படிகவாசி:
கடைசியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள், 13-இலேயே புராணம் ஒளிந்துதான் இருக்கிறது. 13 என்று பெயர் வைத்ததிலேயே இந்தக் கதி என்றால், 13 இல்லாத டைப்-0-வில் என்ன இருக்கப் போகிறது? அதுபோக டைப்-0 இயக்குநர் ஹஜிமே தபாட்டா, 13 இயக்குநர் மொட்டொமு தொரியாமா, வெர்சஸுக்கு நொமுரா. மூன்று பேர், மூன்று உலகம். மூன்றையும் பிணைக்க ஒரே கயிறு அந்த எண்தான் இருந்தது. அதை அறுத்துவிட்டார்கள். நான் இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன், யாருக்கும் புரியவில்லை. ஒருவர் அமெரிக்காவுக்குப் போகிறார், ஒருவர் எக்ஸ்பாக்ஸுக்குப் போகிறார், ஒருவர் கண் கலங்குகிறார். 13 எங்கே? அதற்குப் பதில் இல்லை.

மழைநாள்:
டைப்-0-வில் கிரிஸ்டல்கள் இருக்கின்றன, அந்தக் கிரிஸ்டல்கள் தேர்ந்தெடுக்கும் லுசீக்கள் இருக்கிறார்கள். வெர்சஸில் நாக்டிஸும் ஸ்டெல்லா என்ற பெண்ணும் பேசும் டிரெய்லரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எட்ரோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உயிர் பிரியும்போது வாசல் திறந்து ஒளி தெரியும் என்கிறாள். அது நொஜிமா எழுதிய அதே எட்ரோ, இறந்தவர்களை வாசலில் நின்று வரவேற்கிறவள். இதைவிடப் பெரிய கயிறு உங்களுக்கு எங்கே கிடைக்கும்? ஒரே புராணத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லட்டும் என்றுதானே இதைத் தொடங்கியதே.

நாக்டிஸ்தோழன்:
ஆமாம், அந்தக் காட்சி! படிக்கட்டில் நின்று பேசுவார்களே. அதைப் பார்த்தபிறகுதான் பிஎஸ்3 வாங்கினேன். வெர்சஸுக்காக வாங்கிய பெட்டி, இதுவரை அதில் வெர்சஸ் ஓடவில்லை.

பழையகார்ட்ரிட்ஜ்:
எண் இல்லாமல் உலகத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்றால் ஐவாலிஸ் என்ற கற்பனை உலகத்தை என்ன சொல்வாய் தம்பி? 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ், 2006-இல் வந்த 12, இரண்டும் ஐவாலிஸ்தான். டாக்டிக்ஸில் 12 என்ற எண் எங்கே இருக்கிறது? அங்கே இயக்குநரும் ஒருவர், யசுமி மட்சுனோ. பாதியிலேயே அவர் விலகினாலும் 12 ஐவாலிஸாகத்தான் வந்தது. எண்ணைத் தேடி யாரும் அழவில்லை.

படிகவாசி:
ஐவாலிஸுக்கு முதலிலிருந்தே எண் கிடையாது. இல்லாததை யாரும் எடுக்கவில்லை. இங்கே இருந்ததை எடுத்தார்கள். இருந்ததை எடுப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாதா? அண்ணா, நீங்களே கோபமாகச் சொன்னவர், எனக்கு நினைவிருக்கிறது. 2003-இல் பத்தாவதின் தொடர்ச்சியாக 10-2 வந்தபோது "ஒரு எண்ணுக்கு ஒரு கதை, இரண்டாவது பாகம் எடுத்தால் அது ஃபைனல் ஃபேண்டஸியே இல்லை" என்று எல்லாரிடமும் சண்டை போட்டீர்கள். அன்று உங்களுக்கு எண் பெரியதாகத் தெரிந்தது. இன்று எனக்குத் தெரியக்கூடாதா?

பழையகார்ட்ரிட்ஜ்:
10-2-வை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது பத்தாவதின் நாயகி யூனாவின் கதையை முடிந்த இடத்திலிருந்து வேண்டாமல் இழுத்தது. இப்போது 13-2 என்று இன்னொன்று அறிவித்திருக்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பச்சைவட்டு:
13-2-வில் 13 இருக்கிறது, அதனால் படிகவாசிக்குப் பிடிக்கும்.

படிகவாசி:
13-2-வை நான் வாங்குவேன். அதில் பெயர் நேர்மையாக இருக்கிறது. எது எதற்குத் தொடர்ச்சி என்று பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. டைப்-0 அப்படியா? பெட்டியைப் பார்த்து ஒருவன் இது எந்தத் தொகுப்பு என்று சொல்லட்டும் பார்க்கலாம். நான் கைபேசிக் காலத்திலிருந்து அகிட்டோவுக்காகக் காத்திருந்தவன். ஜப்பானியக் கைபேசியில் வந்தால் நமக்குக் கிடைக்காதே என்று வருத்தப்பட்டேன், பிஎஸ்பிக்கு மாற்றியபோது சந்தோஷப்பட்டேன், அதற்காகவே ஒரு பிஎஸ்பி வாங்கினேன். மூன்று பெட்டிகளையும் அலமாரியில் வரிசையாக வைக்க வேண்டும், முதுகில் 13, 13, 13 என்று இருக்க வேண்டும் என்பது எனக்கு ஆசை. சின்ன ஆசைதான், சரி. ஆனால் அந்த ஆசையை எனக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். இப்போது நடுவில் ஒரு பூஜ்ஜியத்தை வைக்கச் சொல்கிறார்கள்.

மழைநாள்:
ஆக இவ்வளவு நேரம் அலமாரிக்காகத்தான் சண்டையா? எட்ரோவைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரிக்காவது பதில் சொன்னீர்களா?

படிகவாசி:
அலமாரி உங்களுக்குக் கேலியாக இருக்கலாம், எனக்கு இல்லை. நீங்கள் 13 பற்றிய கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் நானும் எட்ரோ பற்றிச் சொல்கிறேன்.

மழைநாள்:
சொல்லிவிட்டேன். "இல்லை, அதனால் என்ன" என்று மூன்றாவது பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

படிகவாசி:
"அதனால் என்ன" என்பது பதில் இல்லை.

நாக்டிஸ்தோழன்:
வெர்சஸ் 13 பெயரிலிருந்தும் ஒருநாள் 13-ஐ எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

படிகவாசி:
எடுக்கமாட்டார்கள். நொமுரா அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

பச்சைவட்டு:
எக்ஸ்பாக்ஸுக்கு வராது என்று சொன்ன அதே உறுதி. இதை நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன்.

படிகவாசி:
தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மழைநாள், நீங்கள் எங்கேயும் போய்விடாதீர்கள், நம் பேச்சு முடியவில்லை. 13-ஐ ஏன் எடுத்தார்கள்?